பட்டறையில் ஒரு தகப்பன்
புனித தொன் போஸ்கோ வாழ்விலிருந்து

தொன் போஸ்கோவைப் பற்றி நாம் கேட்டுப் பழகிய கதைகள் பல. கயிற்றின் மேல் நடந்து வித்தை காட்டிய சிறுவன், ஒன்பது வயதில் கண்ட கனவு, இரவில் காவலாக வந்த சாம்பல் நிற நாய் ஆகிய இவற்றை ஞானோபதேச வகுப்பில் கேட்காத பிள்ளைகள் நம் பங்கில் இருக்க மாட்டார்கள். ஆகவே அவற்றை மறுபடியும் எழுதி இந்த விழா மலரின் பக்கங்களை நிரப்ப நாம் விரும்பவில்லை. நம்மில் பெரும்பாலோர் எங்கேயோ ஓரிடத்தில் வேலை பார்க்கிறவர்கள். சிலருக்கு மேலே ஒரு மேஸ்திரி இருக்கிறார். சிலர் தாமே மேஸ்திரியாகவோ, சூப்பர்வைசராகவோ, தலைமையாசிரியராகவோ இருக்கிறோம். கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் பயமில்லாமல் மனந்திறந்து பேச முடிகிறதா என்பது ஒவ்வொரு வேலையிடத்திலும் எழும் கேள்வி. இந்தக் கேள்வி தொன் போஸ்கோவைச் சிறுவயது முதல் முதுமை வரை விட்டு விலகவே இல்லை. அந்த ஒரு கோணத்திலிருந்து மட்டும் அவரது வாழ்க்கையைப் பார்ப்போம்.

இத்தாலியின் வடக்கே, பீட்மாண்ட் நாட்டில், பெக்கி என்னும் சிற்றூரில் 1815-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் பிரான்செஸ்கோ 1817-ல் காய்ச்சலில் இறந்தபோது குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. தாய் மார்கரீத்தா அம்மாள் உழுது பயிரிட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். ஊர்ப் பாதையில் குருக்கள் நடந்து போவதுண்டு. சிறுவன் ஜான் ஓடிப்போய் வணங்குவான். அவர்கள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுத் தம் வழியே போய்விடுவார்கள். இது அவன் மனதை உறுத்தியது. தான் குருவானால் இப்படிப் போக மாட்டேன், பிள்ளைகளிடம் வந்து நின்று இரண்டு நல்ல வார்த்தை சொல்வேன் என்று தாயிடம் அழுதுகொண்டே சொன்னானாம். அந்தக் குருக்கள் கெட்டவர்கள் அல்லர். பெரியவர்கள் சிறுவர்களிடம் ஒதுங்கி நிற்பதுதான் அக்காலத்தில் கௌரவம் என்று எண்ணப்பட்டது.

அவனுக்கு முதன்முதலாகக் கிடைத்த நம்பிக்கைக்குரிய பெரியவர், கலோசோ என்னும் முதிய குருவானவர். 1829-ல் அறிமுகமான இவரிடம் ஜான் தன் உள்ளத்தில் இருந்த எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். நிலையான ஒரு வழிகாட்டி, உண்மையுள்ள ஒரு நண்பர் இருப்பது என்ன என்பதை அப்போதுதான் அறிந்ததாகப் பிற்காலத்தில் எழுதி வைத்தார். அந்தப் பாக்கியம் நீடிக்கவில்லை. 1830-ல் கலோசோ சுவாமி காலமானார். பின்னர் தையல் கற்றும், கியேரி நகரில் காபிக் கடையில் எடுபிடி வேலை செய்தும் படித்து, 1835-ல் குருமடத்தில் சேர்ந்தார் ஜான். அங்கே மறுபடியும் பழைய கதைதான். விடுமுறைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் தவிர மேலதிகாரிகளை யாரும் நெருங்குவதில்லை. திட்டு வாங்குவதற்கு அழைத்தாலொழிய அவர்களிடம் பேசப் போவாரில்லை. ஒரு அதிகாரி வந்தால் மாணவர்கள் மூலைக்கொருவராய் மறைவார்கள். இதைத் தம் நினைவுகளில் சற்றே கசப்போடுதான் அவர் குறிப்பிடுகிறார். சீக்கிரம் குருவாகி இளைஞர் நடுவில் இருக்க வேண்டும் என்ற ஆவலை அந்தத் தூரமே அவருள் மூட்டியது.

1841 ஜூன் 5-ல் குருப்பட்டம் பெற்றுத் தூரின் நகரில் கஃபாசோ சுவாமியிடம் மேற்பயிற்சிக்குச் சேர்ந்தார். அவரோடு சிறைச்சாலைகளுக்குப் போனபோது, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான பையன்கள் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டார். விடுதலையாகிப் போனவர்கள் சில நாளிலேயே திரும்பி வந்தார்கள். வெளியே அவர்களுக்கென்று யாரும் இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 8-ந் தேதி, அமல உற்பவத் திருநாளன்று, அசிசியார் கோவில் சக்கிறீஸ்தில் நடந்தது நமக்குத் தெரியும். பூசைக்கு உதவத் தெரியாத கொத்து வேலைக்காரப் பையன் ஒருவனைக் கோவில்பிள்ளை கம்பால் அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவன் தம் நண்பன் என்று சொல்லித் திரும்ப அழைத்து வரச் செய்தார். பர்த்தலோமேயு கரேல்லி என்னும் அந்தப் பதினாறு வயதுப் பையன் தாய் தகப்பனற்றவன். எழுதப் படிக்கத் தெரியாது, பாடத் தெரியாது. விசிலடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் சிரித்துவிட்டான். வேதபாடம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கேள்வியின் வரிசையை நாம் கவனிக்க வேண்டும். தெரியாத ஒவ்வொன்றையும் கேட்டு முடித்து, தெரிந்த ஒன்றில் வந்து நிற்கிறார்.

ஞாயிறுதோறும் கூட்டம் பெருகியது. கல் தச்சர், கொத்தர், சுண்ணாம்பு பூசுகிறவர் என்று தூரத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்காக நகரத்துக்கு வந்த பையன்கள் அவர்கள். ஞாயிறு மட்டும் பார்த்தால் போதாது என்று, வார நாட்களில் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கே தொன் போஸ்கோ போகலானார். சாரத்தின் கீழே அங்கி அணிந்த ஒரு குருவானவர் வந்து நின்று தன்னைப் பேர் சொல்லி விசாரிப்பது அந்தப் பையனுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! முதலாளிகளும் இதை விரும்பினார்கள். விசாரிக்க ஆள் உள்ள பையன் ஒழுங்காய் வேலை செய்வான் அல்லவா?

1846 ஏப்ரல் 12-ந் தேதி, பாஸ்கு ஞாயிறன்று, வால்தொக்கோ என்ற பகுதியில் பினார்தி என்பவரின் கொட்டகையில் அவரது இளைஞர் மன்றம் நிலையாக இடம் பிடித்தது. அவ்வாண்டு இறுதியில் மார்கரீத்தா அம்மாளும் கிராமத்து வீட்டை விட்டு மகனோடு வந்துவிட்டார். தங்க இடமில்லாத பையன்களை முதலில் வைக்கோற்பரணில் படுக்க வைத்தார்கள். விடிந்து பார்த்தால் பையன்களும் இல்லை, போர்வைகளும் இல்லை! இப்படி ஒருமுறை ஏமாந்தவர் பிறகு கதவைச் சாத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1847-ல் மழையில் நனைந்து வந்து கதவைத் தட்டிய அனாதைப் பையனுக்குத் தாயும் மகனும் அடுக்களையிலேயே படுக்கை போட்டார்கள். படுக்கப் போகுமுன் அம்மாள் அவனுக்கு உழைப்பையும் நேர்மையையும் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். சலேசிய இல்லங்களில் இரவு செபத்துக்குப் பின் தலைவர் பேசும் சிறு உரைக்கு அதுவே தொடக்கம் என்பர். அந்த உரையை தொன் போஸ்கோ பிரசங்கமாக ஆக்கவில்லை. அன்று வீட்டில் நடந்தது, தொலைந்து கிடைத்த பொருள், தாம் போய் வந்த இடம் என்று குடும்பத் தகப்பன் சாப்பாட்டு வேளையில் பேசுவதைப் போலப் பேசினார். வீட்டுச் செய்தி வீட்டாருக்குத் தலைவர் வாயிலாகவே தெரிந்ததால் வதந்திக்கு அங்கே இடம் குறைந்தது.

இனி நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். நகரத்துப் பட்டறைகளில் வேலை பழகச் சேர்ந்த பையன்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தொழில் கற்கவென்று சேர்த்துக் கொண்டு, வீட்டு வேலைக்கும் சுமை தூக்கவும் முதலாளிகள் ஏவினார்கள். கைநீட்டி அடிப்பது சாதாரணம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. நாட்டுச் சட்டம் இதையெல்லாம் கவனிக்கவில்லை. பையன்களுக்காகப் பேச ஒருவரும் இல்லாத அந்தக் காலத்தில், தொன் போஸ்கோ முதலாளிகளை அழைத்து முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். 1851, 1852-ம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் சில இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. 1852 பிப்ரவரியில் ஒரு தச்சரோடு செய்துகொண்டதில் தச்சர், பையன், பையனின் தகப்பனார், தொன் போஸ்கோ ஆகிய எல்லாருமே கையொப்பக்காரர்கள். தொழிலைச் சேர்ந்த வேலையே கொடுக்க வேண்டும். தவறினால் வார்த்தையால் திருத்தலாமே தவிர வேறு விதமாய் அல்ல. ஞாயிறும் கடன் திருநாளும் ஓய்வு. கூலி காலத்துக்குத் தக உயரும். இவை முதலாளியின் பொறுப்பு. பையனும் பணிவாக, கவனமாக, தொழிலில் அக்கறையோடு இருக்க வேண்டும். அதற்கு தொன் போஸ்கோ துணை நின்றார்.

இந்த ஒப்பந்தத்தைத் தொழிலாளர் உரிமைச் சீட்டாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. அது உண்மைதான் என்றாலும் பாதி உண்மை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஒரு பையனும் ஒரு முதலாளியும் ஒருவரிடம் ஒருவர் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை மேசை மேல் வெளிச்சமாக வைத்து, இருவர் காதும் கேட்க வாசித்து, இருவரையும் கையொப்பமிடச் செய்ததுதான் அதிலுள்ள புதுமை. எழுதாமல் விட்ட இடத்தில்தானே சந்தேகம் முளைக்கிறது.

வெளிப் பட்டறைகளில் நடக்கும் கேடுகளை ஒப்பந்தம் மட்டும் தடுத்துவிடாது என்று கண்டு, 1853-ல் வீட்டிலேயே செருப்புத் தைக்கும் பட்டறையும் தையற்கூடமும் தொடங்கினார். முதலில் தாமே பலகையில் உட்கார்ந்து தோல் தைக்கக் காட்டிக் கொடுத்தார். 1854-ல் புத்தகம் கட்டும் பட்டறை, 1856-ல் தச்சுப் பட்டறை, சில ஆண்டுகளில் அச்சகமும் இரும்புப் பட்டறையும் வந்தன. வெளியிலிருந்து சம்பளத்துக்கு வந்த மாஸ்டர்களால் அங்கும் தொல்லை இருந்தது. சிலர் பையன்களின் முன்னேற்றத்தைவிடத் தம் வருமானத்தைக் கவனித்தார்கள். ஏற்பாட்டைப் பலவிதமாக மாற்றிப் பார்த்தார். கடைசியில், துறவற வார்த்தைப்பாடு கொடுத்தும் குருப்பட்டம் பெறாத சகோதரர்களைப் பட்டறைப் பொறுப்பில் வைத்தபோதுதான் நிலைமை சீர்பட்டது. அவர்கள் பையன்களோடு உண்டு, விளையாடி, அதே கூரையின் கீழ் உறங்கினார்கள்.

1854-ம் ஆண்டுக் கோடையில் தூரின் நகரில் காலரா பரவியது. நோயாளிகளைத் தூக்கவும் கவனிக்கவும் ஆளில்லை. தொன் போஸ்கோ தம் பையன்களைக் கூட்டி, நோயின் கொடுமையையும் ஆபத்தையும் மறைக்காமல் சொல்லி, யார் வருகிறீர்கள் என்று கேட்டார். கட்டளையிடவில்லை. முதலில் 14 பேர் பெயர் கொடுத்தார்கள். பின்னால் இன்னும் 30 பேர். மார்கரீத்தா அம்மாள் வீட்டிலிருந்த துணிகளையெல்லாம் நோயாளிகளுக்கு எடுத்துக் கொடுத்தார். பையன்களில் ஒருவரும் நோயில் விழவில்லை. அம்மாள் 1856 நவம்பரில் இறந்தார்.

சபையைத் தொடங்கியதும் இதே மாதிரிதான். 1859 டிசம்பரில் தம் உதவியாளர்களைக் கூட்டி எண்ணத்தை வெளிப்படையாகச் சொன்னார். விருப்பமில்லாதவர் விலகலாம் என்று யோசிக்க ஒரு வாரம் விட்டார். 18-ந் தேதி இரவு அவர் அறையில் கூடியவர்கள் அவரையும் சேர்த்து 18 பேர். பெரும்பாலும் அவர் கையால் வளர்ந்த இளைஞர்கள். அவர்களில் ஒருவர் மிக்கேல் ரூவா. சிறுவனாயிருந்தபோது தொன் போஸ்கோ தம் இடக்கையை வலக்கையால் இரண்டாக வெட்டுவது போல் பாவனை செய்து, நாம் இருவரும் எல்லாவற்றிலும் பாதிப் பாதி என்று அவரிடம் சொல்லியிருந்தார். அந்த ரூவாவை 1863-ல், 26-வது வயதில், மிரபெல்லோ ஊரில் ஒரு பள்ளிக்குத் தலைவராக அனுப்பினார். கூடவே ஒரு கடிதமும் எழுதினார். பிற்காலத்தில் சபையின் எல்லா இல்லத் தலைவர்களுக்கும் அதுவே கையேடாயிற்று.

இளம் தலைவருக்கு ஒரு புனிதர் என்ன எழுதுவார்? தவம், ஒறுத்தல் என்று எதிர்பார்ப்போம். இவரோ, சாப்பாட்டைக் குறைக்காதே, இரவில் ஆறு மணி நேரமாவது தூங்கு என்று எழுதுகிறார். எதற்கும் கலங்காதே, பிறர் அஞ்சுவதைவிட நேசிப்பதையே நாடு என்கிறார். அடுத்து வருவது பையன்களுக்கு முந்தி, ஆசிரியர்களைப் பற்றி! அவர்களுக்கு உணவு உடையில் குறைவிருக்கிறதா, உடம்பு சரியில்லையென்றால் மாற்று ஆள் அனுப்பினாயா, வேலை அளவுக்கு மிஞ்சிப் போகிறதா, மனதில் ஏதேனும் வருத்தமா என்று அடிக்கடி அவர்களோடு தனித்தும் சேர்ந்தும் பேசி அறிந்துகொள்ளச் சொல்கிறார். தன்னிடம் வேலை செய்கிறவருக்கு நல்ல துணி இருக்கிறதா என்று பார்க்காத தலைவரிடம், அவர் மனதில் இருப்பதைச் சொல்வாரா? கண்டிக்கும் வேலையைத் தலைவர் தாமே செய்யாமல் வேறொருவரிடம் விட வேண்டும் என்பதும் அதில் உண்டு. கஷ்டத்தில் உள்ளவன் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவாவது பயமில்லாததாய் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம் போலும்.

திருத்துவதற்கும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. விளையாட்டு நேரத்தில் பையன் அருகே வந்து காதோடு ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார். பலர் முன் கண்டிப்பதை அநேகமாக விலக்கினார். 1877-ல் எழுதிய தற்காப்புக் கல்வி முறை பற்றிய சிறு நூலிலும் இதையே வற்புறுத்துகிறார்.

எல்லாரிடமும் அவருக்கு இது வாய்த்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். தூரின் பேராயர் கஸ்தால்தி ஆண்டகை முன்பு அவரது நெருங்கிய நண்பர், உதவியாளருங்கூட. 1871-ல் பேராயரான பின் சபையின் உரிமைகளைப் பற்றி இருவருக்கும் பிணக்கு மூண்டு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1882-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தலையிட்டுச் சமாதான உடன்படிக்கை ஏற்படுத்தினார். அதன்படி தொன் போஸ்கோ மன்னிப்புக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு பேராயர் இறந்தார். பழைய நட்பு திரும்பியதாகச் சொல்வதற்கில்லை. இதை மறைப்பதில் புனிதருக்கு எந்தப் பெருமையும் இல்லை என்பதால் எழுதினோம்.

அதைவிட அவரை அதிகம் வருத்தியது தம் சொந்த வீட்டில் நடந்ததே. வால்தொக்கோ பெரிய நிறுவனமாகிவிட்டது. நூற்றுக்கணக்கான பையன்கள், பல பட்டறைகள், தென் அமெரிக்காவில் மிஷன். கடன் தீர்க்கவும் சபை காரியங்களுக்காகவும் அவர் பாரீஸ், உரோமை என்று மாதக்கணக்கில் வெளியே இருக்க நேர்ந்தது. 1884 மே 10-ந் தேதி, 68-வது வயதில், நோயாளியாக உரோமையிலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். செயலாளர் லெமோயின் சுவாமி எழுதினார். தாம் கண்ட கனவாக அதைச் சொல்கிறார். பழைய மாணவர் இருவர் அவருக்கு விளையாட்டு மைதானத்தை இருமுறை காட்டுகிறார்கள். முதலில், 1870-க்கு முந்திய நாட்கள்: ஓட்டம், பாட்டு, சிரிப்பு, குருக்களைச் சுற்றிப் பையன்கள், ஒருவருக்கொருவர் ஒளிவுமறைவில்லை. அடுத்து, அன்றைய நிலை: தூணில் சாய்ந்து நிற்கும் பையன்கள், மூலையில் முணுமுணுப்பு, சோர்ந்த முகங்கள். மேலதிகாரிகளோ தங்களுக்குள் பேசிக்கொண்டு உலவுகிறார்கள். அல்லது தூரத்திலிருந்து கண்காணிக்கிறார்கள். அவர் சிறுவயதில் பெக்கியிலும் குருமடத்திலும் கண்ட அதே தூரம், அவரது வீட்டு முற்றத்திலேயே!

பையன்களுக்காக இவர்கள் இரவு பகலாக உழைக்கவில்லையா என்று அவர் அந்த மாணவரைக் கேட்கிறார். உழைக்கிறார்கள், ஆனால் அது போதாது. நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்பதைப் பையன்கள் தாங்களே உணர வேண்டும் என்று பதில் வருகிறது. வகுப்பில் மட்டும் காணப்படும் ஆசிரியர் ஆசிரியர்தான். விளையாட்டிலும் கூட வந்து சேர்ந்தால் சகோதரர் ஆகிறார். பையன்களுக்குப் பிரியமானதில் இவர்கள் பிரியம் காட்டினால், இவர்களுக்குப் பிரியமான படிப்பையும் ஒழுங்கையும் பையன்கள் விரும்பக் கற்பார்கள். விதிமுறைகள் குறைந்துபோனதாக அக்கடிதத்தில் குற்றச்சாட்டு இல்லை. அன்பின் இடத்தில் விதிமுறையின் குளிர்ச்சி வந்து உட்கார்ந்துவிட்டது என்பதே அவர் துக்கம். பையன்களுக்கு ஒன்றும் மேலதிகாரிகளுக்கு ஒன்றுமாக அந்தக் கடிதம் இரண்டு வடிவில் போயிற்று. அந்தப் பழைய நாட்களைத் திரும்பத் தருவதையே வீட்டாரிடம் கேட்டார். பழி யார் மேலும் பேர் சொல்லிப் போடவில்லை. தாம் வீட்டில் இல்லாததும் ஒரு காரணம் என்பது அவருக்குத் தெரியாமலிருந்திருக்காது.

பிறகு அவர் உலவியது கொஞ்சமே. கால்கள் வீங்கின, கண் மங்கியது. 1887 டிசம்பரில் படுக்கையில் விழும் வரை, மேல்வகுப்புப் பையன்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு அவர் அறைக்கு வந்து போனார்கள். 1888 ஜனவரி 31-ந் தேதி விடியற்காலையில் காலமானார். ரூவா சுவாமி அவர் இடத்துக்கு வந்தார். 1883-ல் வால்தொக்கோவில் இரண்டு நாள் தங்கி அவரை நேரில் கண்ட இளங்குரு ஒருவர், பாப்பரசர் 11-ம் பத்திநாதராகி, 1934 ஏப்ரல் 1-ந் தேதி, பாஸ்குத் திருநாளன்று, அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

1906 ஜனவரியில் சலேசியர்களின் முதல் குழு தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தது. அனாதைச் சிறுவர்களைச் சேர்த்து, எழுத்தோடு கைத்தொழிலையும் கற்பித்தார்கள். சலேசியர் பள்ளியில் தொழில் பயின்ற நம் மூத்தவர்களை நீங்கள் கேட்டுப் பாருங்கள். இழைப்புளி பிடித்த கதையைச் சொல்லுமுன், சாயங்காலம் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தங்களோடு பந்து விளையாடிய சாமிமாரைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள்.